குடும்ப பாரம்

கோயம்புத்தூரில் கார் வைத்திருப்பவர்களில் இரண்டு வகை உண்டு. ரேஸ் ஓட்டியவர்கள் ஒரு வகை. ரேஸ் ஓட்டியவரோடு ஒரே பள்ளியில் படித்ததாகச் சொல்லிக்கொள்பவர்கள் மறு வகை. நான் இரண்டாம் வகையிலும் கடைசி பெஞ்சு. 2005-இல் நரேன் கார்த்திகேயன் ஜோர்டான் அணிக்காக ஃபார்முலா ஒன்னில் இறங்கி, அந்தப் பந்தயத்துக்குப் போன முதல் இந்தியர் என்று பெயர் வாங்கினார். அன்றிலிருந்து இந்த ஊரில் ஹேட்ச்பேக் வைத்திருக்கும் ஆண்களுக்கு, பால் வாங்கப் போய்த் திரும்பும் திருப்பத்தில்கூட ஒரு பொறுப்புணர்ச்சி வந்துவிட்டது. செட்டிபாளையத்தில் 2003-இலிருந்து காரி மோட்டார் ஸ்பீட்வே வேறு இருக்கிறது. காற்று சரியாக அடித்தால் அங்கே ஓடும் வண்டிச் சத்தம் எங்கள் மொட்டை மாடிவரை கேட்கிறது என்பது என் நம்பிக்கை. அது பக்கத்து வீட்டு கிரைண்டர் என்பது என் மனைவியின் கட்சி.

அந்தப் பொறுப்புணர்ச்சியின் பேரில் நான் செகண்ட் ஹேண்டில் வாங்கியது ஒரு போலோ ஜிடி. 1.2 லிட்டர் டர்போ பெட்ரோல் இன்ஜின், 105 குதிரைசக்தி, ஏழு கியர் டிஎஸ்ஜி. 2013-இல் இந்தியாவுக்கு வந்த ரகம். 2022-இல் போலோவே இங்கே நின்றுபோனது. அதனால் இன்றைக்கும் அதை வைத்திருப்பவர்கள் சாலையில் எதிர்ப்பட்டால் ஒருவருக்கொருவர் ஹெட்லைட்டைச் சிமிட்டிக்கொள்வது என்று ஒரு மரபை நானாகவே தொடங்கினேன். நான் சிமிட்டுகிறேன். அவர்கள் முன்னால் போலீஸ் நிற்கிறது என்று நினைத்து வேகத்தைக் குறைக்கிறார்கள்.

வண்டியில் ஒரு குறையும் இல்லை. குறை எனக்குத்தான் தேவைப்பட்டது. ஆழியாற்றிலிருந்து வால்பாறைக்கு ஏறும் வழியில் 40 கொண்டை ஊசி வளைவுகள். அவற்றில் திரும்பும்போது வண்டி வெளிப்பக்கமாகச் சாய்கிறது என்று கண்டுபிடித்தேன். ஸ்பிரிங் வைத்த எந்தக் காரும் சாயத்தான் செய்யும். ஆனால் மட்டம் பார்த்துக் கட்டிய வீட்டில் குடியிருப்பவனுக்கு அது பொறுக்கவில்லை. தவிர, டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே என் உள்ளங்கை தாராளமாக நுழைகிறது. இந்தப் பித்துப் பிடித்தவர்களிடம் அங்கீகாரம் பெற்ற இடைவெளி இரண்டு விரல். வால்பாறைக்கு நான் போவது எப்போதாவது. மற்ற நாளெல்லாம் வண்டி போவது பள்ளிக்கூடம், உழவர் சந்தை, உக்கடம் சிக்னல், கல்யாண மண்டபம். உக்கடம் சிக்னலில் சாய்வதற்கு வேண்டிய வேகத்தை நான் இன்னும் எட்டவில்லை. இருந்தாலும் ஸ்பிரிங்கை மாற்றியே தீருவது என்று முடிவு செய்தேன்.

நான் போன கடையில் ஒரு தம்பி இருந்தான். என் வண்டியைக் குனிந்துகூடப் பார்க்கவில்லை. "முன்னாடி எட்டு, பின்னாடி ஆறு போட்டுக்கலாங்ண்ணா. செமையா இருக்கும்" என்றான். மருத்துவரிடம் தலையாட்டுகிற தோரணையில் தலையாட்டிவிட்டு வந்தேன். எட்டு என்றால் என்ன எட்டு என்று கேட்க மானம் இடம் கொடுக்கவில்லை.

அது கிலோகிராம். அந்த ஸ்பிரிங்கை ஒரு மில்லிமீட்டர் அமுக்க எட்டு கிலோ பாரம் வேண்டும் என்பது பொருள். இதற்குப் பெயர் ஸ்பிரிங் ரேட். இதையே ஐரோப்பாக்காரர்கள் நியூட்டனில் சொல்கிறார்கள், அமெரிக்கர்கள் அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்கிறார்கள். எட்டு கிலோ ஸ்பிரிங் நியூட்டனில் 78, பவுண்டில் கிட்டத்தட்ட 450. மூன்றும் ஒரே ஸ்பிரிங்தான். ஆனால் நண்பர்களிடம் சொல்வதற்கு 450 எவ்வளவோ மேல். எட்டு என்றால் செருப்பு அளவா என்று கேட்பார்கள்.

ஒரு ஸ்பிரிங்கின் ரேட்டை முடிவு செய்வது எது என்றும் படித்தேன். கம்பியின் தடிமன் நான்காம் படியாக வேலை செய்கிறது. 12 மில்லிமீட்டர் கம்பியை 13 ஆக்கினால் போதும், ஸ்பிரிங் 38 சதவீதம் விறைத்துவிடும். சுருளின் விட்டம் பெருத்தால் மூன்றாம் படியில் இளகும். சுற்றுகளின் எண்ணிக்கை கூடினாலும் இளகும். உருக்கின் தன்மைக்கு ஓர் எண் உண்டு. சூத்திரம் அவ்வளவுதான். பெயின்ட் நிறம் அதில் எந்த இடத்திலும் வரவில்லை. நான் அதுவரை முடிவு செய்து வைத்திருந்தது ஒன்றே ஒன்று: சிவப்பு.

சரி, எட்டு நல்லதா, நான்கு நல்லதா? ஸ்பிரிங் ரேட்டைத் தனியாக வைத்துக்கொண்டு இதற்குப் பதில் சொல்ல முடியாது. அதன் மேல் எவ்வளவு எடை உட்கார்ந்திருக்கிறது என்று தெரிய வேண்டும். இரண்டும் சேர்ந்துதான் வண்டி நொடிக்கு எத்தனை முறை மேலும் கீழும் ஆட விரும்புகிறது என்பதைத் தீர்மானிக்கின்றன. அதுதான் அதிர்வெண். சாதாரண குடும்பக் கார்கள் நொடிக்கு 1 முதல் 1.5 முறை வரை. கொஞ்சம் முறுக்கான தெரு வண்டிகள் 1.5-க்கு மேல், 2-க்குள். 2-ஐத் தாண்டினால் அது பந்தயத் தளத்துக்கு உரியது. அங்கே சாலை போட்டவர் வேறு, பணம் கொடுத்தவர் வேறு.

இதைக் கணக்குப் போடக் குறுக்கு வழி இருக்கிறது. தன் மேல் நிற்கும் எடையால் ஸ்பிரிங் எத்தனை மில்லிமீட்டர் அமுங்கியிருக்கிறது என்று பாருங்கள். 250-ஐ அந்த எண்ணால் வகுத்து வர்க்கமூலம் எடுங்கள். அதிர்வெண் வந்துவிடும். 320 கிலோ தாங்கும் முன் சக்கரத்தில் எட்டு கிலோ ஸ்பிரிங் போட்டால் 40 மில்லிமீட்டர் அமுங்கும், அதிர்வெண் 2.5. நான்கு போட்டால் 80 அமுங்கும், அதிர்வெண் 1.77. இந்தக் கணக்கைக் கண்டுபிடித்த இரவு நான் தூங்கவில்லை. கட்டில் மெத்தைக்கும் போட்டுப் பார்த்தேன்.

மனித உடம்புக்கு மேலும் கீழுமான ஆட்டத்தில் எது ஆகவே ஆகாது என்பதற்குச் சர்வதேசத் தர அமைப்பு ஓர் ஆவணமே வைத்திருக்கிறது, ஐஎஸ்ஓ 2631. நொடிக்கு 4 முதல் 8 முறை வரையிலான ஆட்டத்தைத்தான் உட்கார்ந்திருக்கும் உடம்பு மிகவும் வெறுக்கிறது. மறுபக்கம், 0.5-க்குக் கீழே இறங்கினால் வாந்தி. கப்பலில் வருவது அந்த வகை. குடும்பத்தை இந்த இரண்டு பள்ளங்களுக்கும் நடுவே நிறுத்துவதுதான் காரியம். எட்டு போட்டால் அவர்கள் முதல் பள்ளத்தை நோக்கி நகர்கிறார்கள். தம்பிக்கு அந்தக் கவலை இல்லை. அவனுக்குக் கல்யாணம் ஆகவில்லை.

ஆக, எடை தெரிந்தாக வேண்டும். பொள்ளாச்சி ரோட்டில் ஒரு வே பிரிட்ஜுக்கு வண்டியை விட்டேன். எனக்கு முன்னால் தேங்காய் லாரி, பின்னால் பழைய இரும்பு ஏற்றிய டெம்போ. ஆபரேட்டர் ஜன்னலிலிருந்து எட்டிப் பார்த்து, "லோடு எங்கீங்க சார்?" என்றார். "லோடு நான்தாங்க" என்றேன். முழு வண்டியை ஒரு தடவை, முன் சக்கரங்களை மட்டும் மேடையில் நிறுத்தி ஒரு தடவை எடை போடச் சொன்னேன். அவர் இதற்கு முன் எத்தனையோ திருட்டுத்தனங்களைப் பார்த்தவர். இது எந்த வகைத் திருட்டு என்றுதான் அவருக்குப் பிடிபடவில்லை. என்னையும் சேர்த்து மொத்தம் 1,190 கிலோ. முன் அச்சில் 720, பின் அச்சில் 470. சக்கரம், பிரேக், ஹப் எல்லாம் ஸ்பிரிங்குக்குக் கீழே தொங்குபவை. அவற்றின் எடைக்கு ஸ்பிரிங் பொறுப்பில்லை. தோராயமாகக் கழித்தால் முன்னே சக்கரத்துக்கு 320, பின்னே 200. அச்சடித்துக் கொடுத்த சீட்டில் சரக்கு என்ற இடத்தில், முந்தைய வண்டிக்குப் போட்டதை மாற்றாமல் விட்டதாலோ என்னவோ, "பழைய இரும்பு" என்று இருந்தது. ஃபைலில் வைத்திருக்கிறேன்.

அடுத்து, இப்போதிருக்கும் ஸ்பிரிங்கின் ரேட். முன்பக்கத்துக்கு ஒரு லேத் பட்டறையில் வழி கிடைத்தது. உடைத்த வண்டியிலிருந்து கழற்றிய அதே ரக ஸ்பிரிங்கை பிரஸ்ஸில் வைத்து அமுக்கிப் பார்த்தோம். சக்கரத்தில் வந்து சேரும் கணக்கில் 2.1 கிலோ. தம்பி சொன்ன எட்டை நினைத்துக்கொண்டேன். நான்கு மடங்கு!

பின்பக்கத்துக்கு நானே ஒரு பரிசோதனை வகுத்தேன். வீட்டில் அரிசி வந்து இறங்கியிருந்தது. 25 கிலோ வரை பொட்டலம் கட்டிய அரிசிக்கு 2022-இல் ஜிஎஸ்டி வந்ததிலிருந்து மில்காரர்கள் மூட்டையை 26 கிலோ ஆக்கிவிட்டார்கள். அந்த ஒரு கிலோவின் வரலாற்றை ஒதுக்கிவிட்டு, பின் சீட்டை மடக்கி, நான்கு மூட்டைகளையும் பின் அச்சுக்கு நேர் மேலே அடுக்கினேன். அடுக்குவதற்கு முன்பும் பின்பும் வீல் கப்பின் நடுவிலிருந்து மட்கார்டு விளிம்புவரை டேப் வைத்து அளந்தேன். ஒவ்வொரு தடவையும் வண்டியை ஒரு குலுக்குக் குலுக்கிவிட்டு அளக்க வேண்டும். இல்லையென்றால் புஷ்களின் பிடிப்பு அளவைக் கெடுக்கும். எதிர்வீட்டுப் பெரியவர் காம்பவுண்டுக்கு மேலே தலையை நீட்டி, நான் டிக்கியைக் கட்டிப்பிடித்துக் குலுக்குவதை வெகுநேரம் பார்த்துவிட்டு, "வண்டி ஸ்டார்ட் ஆகலீங்களா?" என்றார். 104 கிலோவுக்கு 26 மில்லிமீட்டர் இறங்கியிருந்தது. அச்சுக்கு மொத்தமாக மில்லிமீட்டருக்கு 4 கிலோ. சக்கரத்துக்கு 2.

மூட்டைகளைச் சமையலறைக்குத் திரும்பத் தூக்கிக்கொண்டு போகும்போது எனக்கு ஒரு எண்ணம் தோன்றியது. நான் இப்போது செய்து முடித்திருப்பது ஒரு எடை இயந்திரம். இதில் உட்காருகிற எவருடைய எடையையும் அவர் அறியாமலே சொல்லிவிட முடியும்.

எங்கள் வீட்டில் அறியப்படாத எடை ஒன்றுதான். கல்யாணத்துக்கு முன் ஜாதகம் கொடுத்தார்கள், சம்பளம் சொன்னார்கள், நட்சத்திரத்தை மாற்றாமல் சொன்னார்கள். அதை மட்டும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. ஆனால் பின் ஸ்பிரிங் கணக்குக்கு அது வேண்டும். பின் சீட்டில் நிரந்தரமாக உட்காருபவள் அவள். முன் சீட்டில் என் பக்கத்தில் உட்கார்ந்தால் நான் ஓட்டும் லட்சணத்தைப் பார்க்க வேண்டியிருக்கிறதாம்.

அவள் மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியை என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். பிளஸ் ஒன்னுக்கு ஹூக் விதியை ஒவ்வொரு வருஷமும் நடத்துகிறவள். ராபர்ட் ஹூக் அந்த விதியைக் கண்டுபிடித்ததும் வெளியே சொல்லவில்லை. எழுத்துகளைக் கலைத்துப் போட்டு 1676-இல் ஒரு புதிராக அச்சிட்டார். 1678-இல்தான் அதை அவிழ்த்தார்: ஸ்பிரிங் எவ்வளவு நீள்கிறதோ, அதற்கேற்ற விசை. இந்தக் கதையையும் எனக்குச் சொன்னவள் அவள்தான். ஒரு மனிதனுக்கு இரண்டு வருஷம் வாயை மூடிக்கொண்டிருக்க முடிந்தது என்பதற்கு உதாரணமாகச் சொன்னாள்.

"பின்னாடி எங்கியோ கடகடன்னு சத்தம் வருது. கொஞ்சம் உக்காந்து கேட்டுச் சொல்லேன்" என்றேன். இடது ஓரமாக உட்கார்ந்தாள். நான் டேப்போடு வண்டியைச் சுற்றி வந்தேன். நின்றுகொண்டிருக்கும் வண்டியில் கடகட சத்தம் எப்படி வரும் என்று அவள் கேட்கவில்லை. கேட்காதபோதே நான் சுதாரித்திருக்க வேண்டும். இடது பக்கம் 18, வலது பக்கம் 8, சராசரி 13. நோட்டில் குறித்துக்கொண்டு நிமிர்ந்தால், கண்ணாடியை இறக்கி வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எவ்வளவு இறங்குச்சு?"

"எது?"

"சுருள்வில். அரிசி மூட்டையை எதுக்கு டிக்கியில வெச்சீங்கன்னு நேத்தே தெரியும். எவ்வளவு?"

"பதிமூணு மில்லிமீட்டர்."

"மில்லிமீட்டருக்கு?"

"நாலு கிலோ."

ஒரு கணம் மேலே பார்த்தாள். "52" என்றாள். பிறகு இறங்கி, சேலையைச் சரி செய்துகொண்டு, "சரியா அளந்திருக்கீங்க" என்றாள். கல்யாணமான நாளிலிருந்து என்னுடைய எந்த அளவையும் சரி என்று அவள் ஒப்புக்கொண்டதில்லை. திரைச்சீலை வாங்கப் போனபோது எடுத்த அளவைப் பற்றி இன்றைக்கும் பேச்சு இருக்கிறது. அன்று இரவுச் சாப்பாட்டுக்கு அப்பளம் பொரித்தாள்.

மறுநாள் அவள் அம்மா தானாகவே வந்து, "மாப்பிள்ளை, என்னையும் அந்த வண்டியில உக்கார வெச்சு பாருங்களேன். ஆஸ்பத்திரி மிஷின்ல கூட்டிக் காட்டுது" என்றார். அத்தை உட்கார்ந்ததும் நான் டேப்பைப் பிடித்தேன். மடியில் ஒரு கூடை, கூடைக்குள் தேங்காய். தேங்காயோடு சேர்த்து அளந்து, வந்ததில் பாதியைச் சொன்னேன். அவரும் அப்பளம் பொரித்தார்.

பையன், டிக்கிச் சாமான் எல்லாம் சேர்த்துக் கணக்குப் போட்டதில் ஒரு விஷயம் தெளிவாயிற்று. நான் மட்டும் போகும்போது பின் சக்கரத்துக்கு 200 கிலோ. குடும்பம் ஏறினால் 300. முன்பக்கம் பெரிய மாற்றமில்லை. குடும்ப பாரம் பின் ஸ்பிரிங்கின் தலையில்தான் விழுகிறது. பந்தய வண்டியில் ஓட்டுநர் ஒருவர், எரிபொருள் கொஞ்சம். எடை தெரிந்த எடை. தெரு வண்டியில் திங்கட்கிழமை ஒரு எண், முகூர்த்த நாளில் ஒரு எண். இரண்டுக்கும் சேர்த்து ஒரே ஸ்பிரிங்.

இந்தச் சிக்கலில் எனக்கு முன்னால் மாட்டிக்கொண்டவர் மாரிஸ் ஆலி. ரோல்ஸ் ராய்ஸிலிருந்து விலகி 1930-இல் அமெரிக்காவின் கெடிலாக்கில் சேர்ந்த இங்கிலாந்துப் பொறியாளர். அவர் ஒரு பெரிய லிமோசினின் முன்னாலும் பின்னாலும் எடைக் கட்டிகளை நகர்த்தி நகர்த்தி வைத்து ஓட்டிப் பார்த்தார். அவரை யாரும் வண்டி ஸ்டார்ட் ஆகவில்லையா என்று கேட்டதாகத் தெரியவில்லை. அவர் கண்டது: முன் ஸ்பிரிங் இளகியதாகவும் பின் ஸ்பிரிங் அதைவிடக் கொஞ்சம் வேகமாக ஆடுவதாகவும் இருந்தால் பயணம் சமனாக இருக்கும். காரணம் எளிது. மேட்டில் முதலில் ஏறுவது முன் சக்கரம். என் வண்டியில் இரு சக்கரங்களுக்கும் இடையே சுமார் 2.5 மீட்டர், 36 கிலோமீட்டர் வேகத்தில் போனால் பின் சக்கரம் கால் நொடி தாமதமாக அதே மேட்டை அடைகிறது. தாமதமாக ஆடத் தொடங்கும் பின்பக்கம் சற்று வேகமாக ஆடினால்தான் முன்பக்கத்தை எட்டிப்பிடித்து, வண்டி முழுவதும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கும். இல்லாவிட்டால் மூக்கு ஒரு பக்கம், வால் ஒரு பக்கம். 1934-இல் கெடிலாக் முன் சக்கரங்களைத் தனித்தனியாகத் தொங்கவிட்டதற்கு இந்தப் பரிசோதனைகளும் ஒரு காரணம்.

ஆலிக்குக் கிடைக்காத வசதி ஒன்று எனக்கு இருந்தது. எங்கள் தெரு வேகத்தடை. வேகத்தடைக்கு இந்தியச் சாலைக் குழுமம் 1988-இல் வகுத்த அளவு: அகலம் 3.7 மீட்டர், உயரம் 10 சென்டிமீட்டர், 17 மீட்டர் ஆரமுள்ள வளைவு. 25 கிலோமீட்டர் வேகத்தில் பதவிசாகக் கடக்கலாம். எங்கள் தெருவில் இருப்பது வீடு கட்டி முடித்தவர் மீந்துபோன கான்கிரீட்டில் இரவோடு இரவாகப் போட்டது. அகலம் ஒரு முழம், உயரம் அரை சாண். ஆரம் என்று ஒன்று இருந்தால் அது அவருடைய மனதில் இருக்கும். என் வண்டியின் அடி, ஆளில்லாமல் நிற்கும்போது தரையிலிருந்து 165 மில்லிமீட்டருக்குப் பக்கம். இரண்டு விரல் இடைவெளிக்கு ஆசைப்பட்டு 35 இறக்கினால் 130. அதன் மேல் குடும்பம் ஏறினால் பின்பக்கம் இன்னும் ஐம்பது வரை இறங்கும். பிறகு அந்தத் தடையைக் கடக்க, எல்லோரையும் இறக்கி நடக்கவிட்டு அந்தப் பக்கம் ஏற்றிக்கொள்ள வேண்டும். அத்தையிடம் இதை யார் சொல்வது?

இறக்கினால் விறைப்பையும் கூட்டியாக வேண்டும் என்பதும் அப்போதுதான் உறைத்தது. சக்கரம் மேலே எழும்ப 80 மில்லிமீட்டர் இடம் இருக்கும்வரை, 2 கிலோ ஸ்பிரிங் 160 கிலோ அதிகப்படி அடியைத் தாங்கிவிட்டுத்தான் பம்ப் ஸ்டாப்பில் முட்டும். 35 இறக்கினால் மிச்சம் 45. அதே அடியைத் தாங்க 3.6 வேண்டும். அழகுக்கு இறக்கி, இறக்கியதற்காக விறைத்து, விறைத்ததற்காக இடுப்புக்குத் தைலம் என்று பட்ஜெட் போட வேண்டிவரும்.

எங்கள் மெக்கானிக் அண்ணனுக்கு இந்தக் கணக்குகளில் நம்பிக்கை கிடையாது. "ஏனுங்ணா, இருக்கற ஸ்பிரிங்குலயே ஒரு சுத்து கட் பண்ணிப்போட்டா இறங்கிருமுங்க. காசும் மிச்சம்." உண்மைதான். ஆறு சுற்றில் ஒன்றை வெட்டினால் மிச்சம் ஐந்து. ஸ்பிரிங் 20 சதவீதம் விறைக்கும், வண்டியும் இறங்கும். ஆனால் வெட்டிய முனை தன் இருக்கையில் ஒழுங்காக உட்காராது. பள்ளத்தில் சக்கரம் தொங்கும்போது ஸ்பிரிங் இடம் மாறி நிற்கும். கழுத்தை வெட்டினால் தலைவலி போய்விடும் என்கிற வைத்தியம் இது. இன்னொருவர், திருகி ஏற்றி இறக்கும் கோயிலோவர் வாங்கச் சொன்னார். "நட்டை டைட் பண்ணினா ஹார்டாயிரும்" என்றார். ஆகாது. நட்டைத் திருகினால் உயரம் மாறும், ரேட் மாறாது. சீரான ஸ்பிரிங்குக்கு முதல் மில்லிமீட்டரும் கடைசி மில்லிமீட்டரும் ஒரே விலைதான். இதை அவரிடம் விளக்கினேன். விளக்கியதற்கு அவர் டீ வாங்கிக் கொடுத்தார்; நம்பியதாகத் தெரியவில்லை.

ஷாக் அப்சார்பரையும் யாரும் கேட்கவில்லை. ஸ்பிரிங் இரட்டிப்பானால் பழைய ஷாக்கின் அடக்கும் சக்தி, வேண்டியதில் 71 சதவீதமாகக் குறைந்துவிடும். வண்டி ஒரு தடையைத் தாண்டிவிட்டு அடுத்த தடை வரும்வரை அதைப் பற்றியே ஆடிக்கொண்டிருக்கும். எட்டு போட்டிருந்தால் ஷாக்கும் மாற்ற வேண்டும், ஷாக் மாற்றினால் மவுன்ட், புஷ், அலைன்மென்ட். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு வேறு, பதிவுச் சான்றிலும் தயாரிப்பாளர் விவரத்திலும் இருப்பதற்கு மாறாக வண்டியைத் திருத்தக் கூடாது என்கிறது. அதைப் படித்தபோது, சட்டம் என் குடும்பத்தாரைக் கலந்தாலோசித்துத்தான் எழுதப்பட்டதோ என்று தோன்றியது.

கடைசியில் வந்து நின்ற எண்கள் இவை. முன் சக்கரத்தில் 2.1 இருந்த இடத்தில் 2.7, அதிர்வெண் 1.45. பின் சக்கரத்தில் 2 இருந்த இடத்தில் 2.5, நான் மட்டும் போகும்போது 1.77, குடும்பத்தோடு 1.44. உயரத்தில் கைவைப்பதில்லை, பழைய உயரத்துக்கே சுற்றிய ஸ்பிரிங். இதில் ஒரு கண்ணி இருக்கிறது: இவையெல்லாம் சக்கரத்தில் வந்து சேரும் எண்கள். முன்பக்க மெக்பர்சன் ஸ்ட்ரட்டில் ஸ்பிரிங் சக்கரத்தோடு கிட்டத்தட்ட ஒன்றுக்கு ஒன்று நகர்கிறது. பின்பக்கத்தில் ஸ்பிரிங் சக்கரத்துக்கு உள்தள்ளி உட்கார்ந்திருப்பதால் சக்கரம் 10 நகர்ந்தால் ஸ்பிரிங் 8 நகர்கிறது. ரேட்டில் அது வர்க்கமாக இறங்கி 0.64 ஆகிறது. ஆகவே பின்னால் வாங்க வேண்டியது 3.9. சீட்டில் முன்னே 2.7, பின்னே 3.9 என்று எழுதிக்கொண்டு தம்பியிடம் நீட்டினேன். "தலைகீழா எழுதிட்டீங்களாண்ணா?" என்றான். பிறகு, "இதுக்கு எதுக்குண்ணா மாத்தறீங்க? மாத்துனதே தெரியாதே" என்றான். இரண்டு விரல் கனவைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை.

ஆர்டர் கொடுக்குமுன் கணக்கை ஒரு தடவை சரிபார்க்க உட்கார்ந்தேன். அப்போதுதான் அது கண்ணில் பட்டது. சீட் என்பது இரண்டு அச்சுகளுக்கும் நடுவில் இருக்கும் பொருள். பின் சீட்டு பின் அச்சுக்குப் பக்கத்தில் இருந்தாலும் அதற்கு நேர் மேலே இல்லை. அதில் உட்காருபவரின் எடையில் பெரும்பங்கு பின்னே போகும், மிச்சம் முன்னே போகும். அரிசி மூட்டையை நான் அச்சுக்கு மேல் வைத்தேன். மனைவியை சீட்டில் வைத்தேன். நோட்டைப் புரட்டினால், அன்றைய தேதிப் பக்கத்தின் கீழே என் கையெழுத்தில் ஒரு வரி: "முன்பக்கமும் 3 மி.மீ. இறங்கியிருக்கிறது. டேப் பிழை?"

முன் அச்சுக்கு மில்லிமீட்டருக்கு 4 கிலோவுக்குச் சற்று மேல். பின்னால் 13, முன்னால் 3. இதற்கு மேல் நான் எழுதப் போவதில்லை. ஹூக் செய்தது மாதிரி இப்படியே விட்டுவிடுகிறேன். அவிழ்ப்பவர்கள் அவரவர் பொறுப்பில் அவிழ்த்துக்கொள்ளலாம்.

அவள் காலாண்டுத் தேர்வு விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள். நோட்டை எடுத்துக்கொண்டு பக்கத்தில் போய் நின்றேன்.

"அன்னிக்கு நீ உக்காந்தப்ப, எடையில கொஞ்சம் முன் அச்சுக்கும் போயிருக்குமில்ல?"

"போகத்தானே செய்யும். திருப்புத்திறன் பாடத்துலயே வருது."

"அப்ப 52-ன்னு சொன்னியே?"

"நீங்க எதுக்கு அளந்தீங்க? பின் ஸ்பிரிங்குக்கு. பின் அச்சுல விழுந்த சுமை 52. அந்தக் கணக்குக்கு அது சரிதானே? நான் வேற எதையும் சொல்லலியே."

யோசித்துப் பார்த்தேன். சரிதான். பின் ஸ்பிரிங்குக்கு வேண்டியது அதுதான். ஒரு கிராம் கூட்டிக் குறைக்க வேண்டியதில்லை. ஆனாலும் நான் விடவில்லை.

"முன் ஸ்பிரிங்கையும் மாத்தறனே. அந்த 3 மில்லிமீட்டரை அங்க சேக்கணுமில்ல?"

யாரோ ஒரு பையனின் விடைக்குக் குறுக்கே சிவப்புக் கோடு போட்டுவிட்டு, நிமிராமலே சொன்னாள்:

"அது டேப்போட பிழைங்க. நீங்களே எழுதி வெச்சிருக்கீங்களே."